ஊறல், வாலை, நடு வடி: நகரத்துச் சிறு வடிப்பாலை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் நியூயார்க்கின் புரூக்ளினிலும் சிகாகோவிலும் நடக்கும் சிறு வடிப்பாலைகளைப் பற்றி எழுதியிருந்தோம். பக்கத்து உழவர்களிடம் ஆர்கானிக் தானியம் வாங்கி, நகருக்குள்ளேயே விஸ்கி வடிப்பவர்கள் அவர்கள். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளுக்கு நொதித்தல், வடித்தல் தொழில் அறிந்தவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இங்கே வரும் அளவுகள் எல்லாம் உரிமம் பெற்ற ஆலைக்கானவை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஊறல் (வடிப்பதற்காக நொதிக்க வைக்கும் கஞ்சி) போடுவதும் வாலை (அதை வடிக்கும் கலம்) வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

நம் ஊர் சாராய ஆலைக்கும் இந்தச் சிறு ஆலைக்கும் அளவைத் தவிர வேறு என்ன வித்தியாசம்? (வாசகர், சேலம்)

வாலைதான் வித்தியாசம். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து வரும் எரிசாராயம் கலந்தது. உயரமான தூண் வாலையில் இரவு பகலாக நிற்காமல் ஓட்டி, 96 சதவீத ஆல்கஹாலாக எடுக்கிறார்கள். அந்த வலுவில் மூலப்பொருளின் மணம் ஏதும் மிஞ்சாது. சோளமோ கரும்போ, குடிப்பவருக்குத் தெரியாது. மணத்தையும் நிறத்தையும் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

சிறு ஆலையில் இருப்பது செம்புப் பானை வாலை. ஒரு ஈடு ஊற்றி, வடித்து, கழுவி, அடுத்த ஈடு ஊற்ற வேண்டும். 60 முதல் 75 சதவீத வலுவில் எடுப்பதால் தானியத்தின் மணமும் கூடவே வரும். தானியம் மோசமாக இருந்தால் அதுவும் கூடவே வரும்.

சட்டமும் ஒரு காரணம். நியூயார்க் மாநிலம் 2007ல் பண்ணை வடிப்பாலைச் சட்டம் கொண்டுவந்தது. குறைந்த கட்டணத்தில் உரிமம் தருவோம், ஆலையிலேயே சுவைக்கக் கொடுக்கலாம், பாட்டில் விற்கலாம், ஆனால் மூலப்பொருளில் 75 சதவீதமாவது இந்த மாநிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்றது. அதன்கீழ் 2010ல் புரூக்ளினில் 325 சதுர அடி அறையில் தொடங்கியதுதான் கிங்ஸ் கவுண்டி வடிப்பாலை. 2012ல் அது பழைய கடற்படைத் தளத்தில் 1899ல் கட்டிய சம்பளப் பட்டுவாடாக் கட்டடத்துக்கு மாறியது. சிகாகோவின் கோவல் ஆலை 2008ல் தொடங்கியது.

250 கிலோ தானியம் போட்டால் எத்தனை பாட்டில் வரும்? முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

200 கிலோ மக்காச்சோளம், 50 கிலோ முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை (மால்ட்) என்று வைத்துக்கொள்வோம். கிங்ஸ் கவுண்டியின் போர்பனும் (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி) இந்த 80-20 விகிதம்தான். மக்காச்சோளத்தைச் சுத்தியல் அரவையில் 2 முதல் 3 மி.மீ. சல்லடை வழியே போகும்படி அரைக்க வேண்டும். நொய்யாக விட்டால் நடுவில் மாவு வேகாமல் நின்றுவிடும். மாவாகவே அரைத்தால் வாலையின் அடியில் பிடிக்கும்.

சுமார் 800 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்கி, துடுப்பு சுழலும்போதே மாவைத் தூவ வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டுபவர்களுக்கு இந்த இடம் புரியும்: கொதிக்கிற தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டியின் உள்ளே எந்த நொதியும் போகாது. மால்ட்டில் 5 கிலோவை மாவோடு சேர்த்தே போட்டால் கஞ்சி இளகலாக நிற்கும், துடுப்பு மோட்டாரும் பிழைக்கும். பிறகு 90 டிகிரிக்கு ஏற்றி 45 முதல் 60 நிமிடம் வேக விட வேண்டும். வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி வாங்கிச் சேர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் சேர்ப்பார்கள்.

அடுத்தது ஆற்றுதல். 65 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் மீதி மால்ட். 70க்கு மேல் போட்டால் மாவைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் சில நிமிடங்களில் செத்துவிடும். அன்றைய வேலை வீண். 65 டிகிரியில் 60 முதல் 90 நிமிடம் வைத்தால் கஞ்சி தண்ணீராக இளகி இனிக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக்கறுப்பு வரக் கூடாது. வந்தால் இன்னும் மாவு இருக்கிறது என்று பொருள். சோதித்த சொட்டைத் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது.

30 டிகிரிக்கு ஆற்றி, 500 கிராம் உலர் ஈஸ்ட்டை 35 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். பீர் காய்ச்சுவது போல இங்கே கஞ்சியைக் கொதிக்க வைப்பதில்லை, உமியை வடிகட்டுவதும் இல்லை. நொதி உயிரோடு இருந்து தொட்டிக்குள்ளேயே மிச்ச மாவையும் கரைத்துக்கொண்டிருக்கும். மூன்று நான்கு நாளில் நுரை அடங்கும். இப்போது ஏறத்தாழ 960 லிட்டர் ஊறல், 9 சதவீத ஆல்கஹால். சுத்த ஆல்கஹாலாகக் கணக்கிட்டால் 86 முதல் 90 லிட்டர்.

முதல் வடிப்பில் பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. வாலையில் ஆல்கஹால் தீரும்வரை ஓட்டலாம். 28 சதவீதத்தில் 300 லிட்டர் கிடைக்கும். இரண்டாவது வடிப்பை மெதுவாக, மணிக்கு 10 முதல் 15 லிட்டர் என்று இறக்க வேண்டும். முதலில் வருவது முதல் வடி, கடைசியில் வருவது கடை வடி; இரண்டையும் ஒதுக்கினால் இடையில் வரும் நல்ல பகுதி, அதாவது நடு வடி, சுமார் 70 லிட்டர், 70 சதவீத வலுவில் கிடைக்கும். அதை 40 சதவீதத்துக்கு நீர் சேர்த்தால் 122 லிட்டர், 750 மி.லி. பாட்டில் 160. பீப்பாயில் வைத்தால் இதைவிடக் குறையும். முதல் வடி, கடை வடி இரண்டையும் கொட்டுவதில்லை. அடுத்த ஈட்டின் இரண்டாவது வடிப்பில் சேர்த்துவிடுவார்கள். எனவே நான்காவது ஐந்தாவது ஈட்டிலிருந்து கணக்கு கொஞ்சம் கூடும்.

ஊறல் இரண்டாம் நாளே நின்றுவிட்டால்? (வாசகர், ஈரோடு)

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடாகும். 1,000 லிட்டர் தொட்டியில் குளிர்நீர்ச் சுருள் இல்லையென்றால் 30ல் தொடங்கியது மறுநாள் 37ஐத் தொடும். 35க்கு மேல் ஈஸ்ட் தளரும், வாடையும் கெடும். 28க்கும் 32க்கும் இடையில் பிடித்துவையுங்கள்.

வெப்பம் சரியாக இருந்தும் நின்றிருந்தால் புளிப்பைப் பாருங்கள். ஊறல் 5.2 பி.எச். அளவில் தொடங்கி 4க்குச் சற்றுக் கீழே முடிவது வழக்கம். இரண்டாம் நாளே 3.5க்கு இறங்கியிருந்தால் லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொண்டுவிட்டது. அது ஈஸ்ட்டின் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட்டையும் அடக்கும். காரணம் பெரும்பாலும் தொட்டியில் இருக்காது. தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள், கஞ்சியை ஆற்றும் குழாய்க்குள் காய்ந்து ஒட்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். குழாய்களில் சூடான காரக் கரைசலைச் சுற்றவிட்டு, பிறகு கிருமிநாசினியான பெராசிட்டிக் அமிலம் விட வேண்டும். லேசான புளிப்பு கெடுதல் அல்ல. சில ஆலைகள் அதை வேண்டுமென்றே விடுகின்றன. வடித்த பின் பழ மணமாக மாறி வரும்.

கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு, சிறு ஆலைச் சரக்கு என்றாலே பயமாக இருக்கிறது. முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, விருதுநகர்)

முழு உண்மை அல்ல. இந்தத் தவறான நம்பிக்கை தொழிலில் இருப்பவர்களிடமே இருக்கிறது.

மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும். ஆகவே மெத்தனால் முதலில் வந்து முடிந்துவிடும் என்று தோன்றும். வாலைக்குள் அவை தனித்தனியாக இல்லை, பெருமளவு தண்ணீரில் கரைந்து கிடக்கின்றன. அந்த நிலையில் மெத்தனால் முதல் வடி, நடு வடி, கடை வடி மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். பானை வாலையில் அதை வெட்டி எடுக்க முடியாது. முதலில் வருவதை ஒதுக்குவது அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் அதில் மிகுந்திருப்பதால். நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாடை அது.

காப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நொதித்தலில் மெத்தனால் உண்டாவது பெக்டினிலிருந்து. பெக்டின் பழத்தோலிலும் சதையிலும் நிறைய. தானியத்தில் மிகக் குறைவு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி பழச் சாராயத்தில் 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1,000 கிராம் வரை மெத்தனாலை ஏற்கிறது. தானிய மூலமானாலும் வேறானாலும் சுத்திகரித்த நடுநிலை ஆல்கஹாலுக்கு வரம்பு 30 கிராம்தான். பழத்தில் வடிப்பவர்கள் பெக்டினேஸ் நொதி அளவைக் கட்டுப்படுத்துவார்கள், ஆய்வகத்தில் கேஸ் குரோமடோகிராஃப் சோதனையும் செய்வார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது வடிப்பில் நேர்ந்த பிழை அல்ல. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலையே சாராயத்தில் கலந்து விற்றார்கள். முகர்ந்தோ கொளுத்திப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. நீலச் சுடர் எரிந்தால் நல்ல சரக்கு என்பது ஆளைக் கொல்லும் பொய். மெத்தனாலும் மங்கிய நீலச் சுடராகத்தான் எரியும்.

அப்படியானால் முதல் வடி எங்கே முடிகிறது, நடு வடி எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? கருவி சொல்லுமா? (வாசகர், தஞ்சாவூர்)

கருவி பக்கத்தில் கொண்டுபோய் விடும், முடிவு மூக்கினுடையது. மேற்சொன்ன 300 லிட்டர் ஈட்டில் முதல் ஒன்றரை இரண்டு லிட்டரை யோசிக்காமல் தனியே ஒதுக்கி, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வரும் பத்து லிட்டர் அளவில்தான் தீர்மானம் இருக்கிறது. அரை லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் வரிசையாகப் பிடித்து எண் போட்டு, மெல்லிய துணியால் மூடி இரவு வைத்துவிடுங்கள். வடிந்து வரும்போது சூட்டிலும் காரத்திலும் மூக்கு மரத்துப்போகும். மறுநாள் காலை, வெறும் வயிற்றில், காபி குடிப்பதற்கு முன் பார்ப்பதுதான் சரி. ஒரு கரண்டி எடுத்து அதே அளவு தண்ணீர் விட்டு முகருங்கள். பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள், நல்ல குடுவையிலிருந்து கெட்ட குடுவைக்கு. முன்னாலிருந்து தொடங்கினால் இரண்டாவது குடுவையிலேயே மூக்கு தோற்றுவிடும்.

கடை வடி வேறு விதம். வடி வந்து விழும் கிளி மூக்குப் பாத்திரத்தில் மிதந்து வலுவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 62, 60 சதவீதம் என்று இறங்கும்போது ஈர அட்டைப் பெட்டி வாடை எட்டிப் பார்க்கும், பிறகு நனைந்த நாய் வாடை. ஃபியூசல் எண்ணெய்களும் கொழுப்பமில எஸ்டர்களும் அவை. வெள்ளைச் சரக்காக விற்பதென்றால் 64லேயே நிறுத்திவிடுங்கள். பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டு வைப்பதென்றால் 60 வரை போகலாம். அந்தக் கனமான எண்ணெய்கள் மரத்தோடு சேர்ந்து பிறகு மணமாகும். ஆசைப்பட்டு இன்னும் பத்து லிட்டர் சேர்த்துக்கொண்ட ஈடு பாட்டிலில் ஓராண்டு நின்றாலும் அந்த வாடை போகாது. சிறு ஆலைகளின் சரக்கு நன்றாக இல்லை என்று கேள்விப்பட்டால் பத்தில் எட்டு முறை காரணம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

சித்த வைத்தியசாலையில் ஓமத் தீநீர் வடிக்கும் வாலையும் இதுவும் ஒன்றுதானா? (வாசகர், பாளையங்கோட்டை)

தத்துவம் ஒன்று. அங்கே வேண்டியது நீரோடு வரும் எண்ணெய் மணம்; இங்கே வேண்டியது ஆல்கஹால். செம்பு வேண்டும் என்பதற்கு இங்கே தனிக் காரணம் உண்டு: ஈஸ்ட் வெளியிடும் கந்தகச் சேர்மங்கள் அழுகிய முட்டைக்கோஸ் வாடை தருபவை, செம்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். முழுக்க எவர்சில்வரில் செய்த வாலைச் சரக்கில் அந்த வாடை தங்குவதைப் பார்க்கலாம். பிடித்துக்கொள்ளும் செம்பு கறுத்துப்போகும் என்பதால் ஒவ்வொரு சில ஈட்டுக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலால் பளபளக்கக் கழுவ வேண்டும். கழுவும்போது ஓர் எச்சரிக்கை. சூடான வாலை நிறைய ஆவி நிற்கும் நேரத்தில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் ஆவி சட்டென்று சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். பல லட்சம் ரூபாய்ச் செம்பு, காலி டப்பாவை மிதித்தது போல நசுங்கிவிடும். வெற்றிடத் தடுப்பு வால்வு இல்லாத வாலையை வாங்காதீர்கள்.

ஆர்கானிக் என்று பாட்டிலில் போட்டிருந்தால் எதை நம்பலாம்? உடம்புக்கு நல்லதா? (வாசகி, புதுச்சேரி)

உடம்புக்கு நல்லது என்று எந்தச் சாராயத்தையும் சொல்ல மாட்டோம். வயலைப் பற்றிய சொல் அது. விதி தடுக்கும் பூச்சிக்கொல்லியும் உரமும் போடவில்லை என்பதற்கான சான்று. வடிக்கும்போது ஆவியாகாத எச்சம் வாலையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எனவே ஆர்கானிக் தானியத்தின் முதல் பயன் உழவருக்கும் மண்ணுக்கும்தான். குவளையில் தெரியும் வித்தியாசம் தானியத்தின் இரகத்தாலும் புதுமையாலும் வருவது. சாதாரண மஞ்சள் தீவனச் சோளத்தை ஆர்கானிக்காக விளைவித்தாலும் சாதாரணச் சுவைதான்.

அமெரிக்க வேளாண்துறை விதிப்படி, நீரும் உப்பும் நீங்கலாக 95 சதவீதம் சான்று பெற்ற பொருள் இருந்தால் ஆர்கானிக் என்று போடலாம். 70 சதவீதம் இருந்தால் ஆர்கானிக் இன்ன தானியம் கொண்டு செய்தது என்று மட்டும் போடலாம், முத்திரை கிடையாது. சான்று வயலோடு முடிவதில்லை. ஆலையில் சாதாரண தானியமும் வாங்கினால் இரண்டும் கலக்காமல் தனித்தனியே வைக்க வேண்டும், அரவையைக் கழுவிய குறிப்பு எழுத வேண்டும். நொதியும் ஈஸ்ட்டும் மரபணு மாற்றம் இல்லாதவை என்ற கடிதம் விற்பவரிடம் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நொதிகள் பல மரபணு மாற்றிய பூஞ்சையில் செய்தவை என்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எலிக்கு எடுத்தவுடன் நச்சு வைக்க முடியாது, முதலில் பொறிதான். சுருக்கமாகச் சொன்னால் ஆர்கானிக் ஆலையில் ஒரு ஆள் தானியத்தைப் பார்ப்பார், இன்னொரு ஆள் தாளைப் பார்ப்பார்.

கம்பு, தினை, கேழ்வரகில் விஸ்கி வருமா? (வாசகர், தர்மபுரி)

வருகிறது. கோவல் ஆலையின் போர்பனில் 51 சதவீதம் மக்காச்சோளம், மீதி 49 சதவீதம் சிறுதானியம். சிறுதானியம் மட்டுமே போட்ட விஸ்கியும் அவர்களிடம் உண்டு. தானியத்தைப் பொறுத்தவரை அமெரிக்கச் சட்டம் போர்பனுக்கு மக்காச்சோளம் 51 சதவீதமாவது வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வதால் மீதி அவர்கள் இஷ்டம்.

சிக்கல் அரவையில் தொடங்குகிறது. மணி சிறிதாக இருப்பதால் உருளை அரவையில் உடையாமலே நழுவிவிடும். உடையாத மணி ஆல்கஹால் தராது. சல்லடையைக் குறுக்கிச் சுத்தியல் அரவையில் இரண்டு தடவை விடுங்கள். மாவு வேகவும் வாற்கோதுமையைவிடக் கூடுதல் சூடு வேண்டும்; 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. சிறுதானியங்களில் முளைகட்டியபின் நொதி வலு நன்றாக இருப்பது கேழ்வரகு. குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் இளகலாக இருப்பதன் காரணமும் அதே நொதிதான்.

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கதவு வடிப்பாலை. தீப்பிடிக்குமா? சுவரெல்லாம் கறுப்பாகிறதே, அது என்ன? (வாசகர், நியூ ஜெர்சி)

தீ நியாயமான பயம். 40 சதவீதச் சரக்கே 26 டிகிரி வெப்பத்தில் பற்றக்கூடிய ஆவி விடும். எத்தனால் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது, தரையோடு ஓடி மூலையில் தேங்கும்; காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே உறிஞ்சு விசிறி கூரையில் மட்டும் இருந்தால் பயனில்லை, தரைக்குப் பக்கத்திலும் வேண்டும். வாலை அருகே பொறி வெளிவராத வகை மோட்டாரும் விளக்கும்தான் வைக்க வேண்டும். சரக்கு விழும் பாத்திரத்தை நிலத்தோடு கம்பியால் இணைக்க வேண்டும்; பிளாஸ்டிக் வாளியில் பிடித்தால் நிலைமின்சாரப் பொறி வரும். ஆவி போகும் வழியில் எங்கும் மூடக்கூடிய குழாய்த் திருகு இருக்கக் கூடாது. ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் நின்றால் சூடாக்கி தானே அணைய வேண்டும். சிறு ஆலை விபத்துகளில் இந்தக் கடைசி ஒன்று அடிக்கடி வருகிறது: தண்ணீர் நின்றுபோகும், ஆவி குளிராமல் அப்படியே அறைக்குள் வரும். உங்கள் பகுதித் தீயணைப்பு அலுவலகத்தில், அந்த ஆலை ஒரே பகுதிக்குள் எவ்வளவு ஸ்பிரிட் வைக்க அனுமதி பெற்றிருக்கிறது என்று கேட்கலாம்.

சுவரில் கறுப்பு என்பது பூஞ்சை. பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலில் வளர்வது. பிரான்சின் கோன்யாக் பகுதியில் 1872ல் போதுவான் என்ற மருந்தாளர் இதை விவரித்தார்; 2007ல் அவர் பெயரையே அதன் பேரினத்துக்கு வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பீப்பாய் இருக்கும் கிடங்கைச் சுற்றி மரம், கார், கூரை எல்லாம் கறுக்கும். இருபது பீப்பாய் வைத்திருக்கும் ஆலையால் உங்கள் சுவர் முழுக்கக் கறுத்தால், மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் சேர்த்ததும் சரக்கு பால் போலக் கலங்குகிறது. ஏன்? (வாசகர், கோலாலம்பூர்)

இரண்டு காரணம் இருக்கலாம். பால் போன்ற மெல்லிய கலங்கல் என்றால் எண்ணெய்: கடை வடியை அதிகம் சேர்த்திருக்கிறீர்கள். அந்த எஸ்டர்கள் 46 சதவீதத்துக்கு மேல் கரைந்திருக்கும், அதற்குக் கீழே குளிரில் வெளிப்படும். பூஜ்ய டிகிரி பக்கம் குளிரவைத்து வடிகட்டினால் தெளியும், கூடவே கொஞ்சம் மணமும் போகும். அல்லது 46லேயே பாட்டிலில் அடைத்துவிடுங்கள். சில நாள் கழித்து அடியில் வெள்ளைத் துகள் படிந்தால் அது கடின நீரின் சுண்ணாம்பு. ஆர்.ஓ. தண்ணீர் தவிர வேறு எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அளவுக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். 70 லிட்டர் 70 சதவீதச் சரக்கை 40 ஆக்க, பள்ளிக்கூடக் கணக்குப்படி 52.5 லிட்டர் நீர் போதும். ஆனால் ஆல்கஹாலும் நீரும் கலந்தால் மொத்தக் கொள்ளளவு சுருங்கும். உண்மையில் 54 லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால் தராசில் எடைபோட்டுச் சேர்ப்பார்கள். ஒரே நாளில் ஊற்றாமல் 60, 50, 45 என்று சில நாள் இடைவெளியில் இறக்கினால் காரம் குறைந்து அமைதியாகும். ஒவ்வொரு முறையும் வெப்பத் திருத்தத்தோடு ஹைட்ரோமீட்டரைப் படிக்க மறக்காதீர்கள். கலக்கும்போதே சூடு பிறக்கும், அந்தச் சூட்டில் படித்தால் வலு கூடுதலாகக் காட்டும்.

சிறு பீப்பாயில் வைத்தால் ஆறு மாதத்தில் ஐந்து வருட விஸ்கி ஆகிவிடும் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

நிறம் ஆகும். வழக்கமான பீப்பாய் 200 லிட்டர்; 20 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மடங்குக்கும் மேல் மரப்பரப்பு கிடைப்பதால் ஓக் மரத்தின் வனிலாவும் துவர்ப்பும் விறுவிறுவென்று இறங்கும். ஆனால் காற்று மெல்ல உள்ளே போய்ச் சரக்கின் முரட்டுத்தனத்தை மாற்றுவதற்குக் காலம்தான் வேண்டும். பதினெட்டு மாதம் விட்டால் பலகை கடித்தது போல இருக்கும். ஆவியாவதும் அதிகம்: ஸ்காட்லாந்தில் பெரிய பீப்பாயில் ஆண்டுக்கு 2 சதவீதம் போகிறது, சூடான ஊரில் சிறு பீப்பாயில் அதைப்போலப் பல மடங்கு.

வடித்த பிறகு மிஞ்சும் மண்டியைச் சாக்கடையில் விடலாமா? (வாசகர், திருப்பூர்)

சாயப்பட்டறை ஊர்க்காரர் கேட்பதில் ஆச்சரியமில்லை. விடக் கூடாது. ஒரு ஈட்டுக்கு 650 லிட்டருக்கு மேல், கொதிக்கக் கொதிக்க, பி.எச். 4 அளவில் வரும். ஆக்சிஜனை உறிஞ்சும் சுமை வீட்டுக் கழிவுநீரைவிட நூறு மடங்குக்கு மேல். நகராட்சிகள் முதலில் பிடிப்பது இதற்குத்தான். ஆறவைத்து, அன்றோ மறுநாளோ மாட்டுக்குக் கொடுப்பது நடைமுறை. புரதம் நிறைந்தது, மூன்றாம் நாள் புளித்து நாறும். தானியம் கொடுத்த உழவரே திரும்பும் வண்டியில் எடுத்துப்போவது நல்ல ஏற்பாடு. செம்மறி ஆட்டுக்கு மட்டும் தராதீர்கள். வாலையிலிருந்து கரைந்த செம்பு அதில் இருக்கும். மாடு தாங்கும், செம்மறியின் ஈரல் தாங்காது.

குளிர்நீரும் ஒரு செலவு. 300 லிட்டர் முதல் வடிப்பை நீராகக் குளிர்விக்க, தண்ணீர் 25 டிகிரி சூடேறலாம் என்று கணக்கிட்டால், 5,500 லிட்டர் ஓட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு நகரத்தில் இதைச் செய்ய முடியாது. தொட்டி கட்டிச் சுற்றவிட்டு, அந்த வெந்நீரை மறுநாள் கஞ்சிக்கே எடுத்துக்கொள்கிறார்கள்.

பனங்கள்ளில் வடிப்பதும் இந்த வகையில் சேருமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

சேரும், இன்னும் எளிதாக. அரைக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம், ஈஸ்ட்டும் வாங்க வேண்டாம். சுண்ணாம்பு தடவாத முட்டியில் பாளையிலிருந்து இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. கடினம் நேரத்தில். ஒரு நாளுக்குள் வாலைக்குப் போகாவிட்டால் ஆல்கஹால் வினாகிரியாகத் திரும்பும், எத்தில் அசிட்டேட் ஏறி முதல் வடி நீளும். அதனால் ஆலை மரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கொழும்பில் வாலையை வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து கள் வரவழைப்பது சரிவராது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை இருக்கிறது.

பயன்படுத்திய பீப்பாயை என்ன செய்வார்கள்? (வாசகி, காரைக்குடி)

போர்பனுக்கு உள்ளே கரித்த புது ஓக் பாத்திரம்தான் வேண்டும் என்பது சட்டம், ஆகவே ஒரு முறைக்கு மேல் அதற்குப் பயன்படாது. ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களும் பீர், மேப்பிள் பாகு செய்பவர்களும் வாங்கிக்கொள்வார்கள். காலியான பீப்பாயை வெயிலில் போட்டால் பலகை சுருங்கி வளையம் கழன்றுவிடும். வாங்கியதும் ஊற்றாமல் வெந்நீர் நிரப்பி ஒரு நாள் வைத்து, ஒழுகல் நின்ற பிறகு பயன்படுத்துங்கள். இரண்டு நாளுக்கு மேலும் ஒழுகினால் அது பூந்தொட்டிக்குத்தான்.